வீட்டுக்குப் பின்னால் மரத்தளம் போட எவ்வளவு ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செகாம்புட் பக்கம் ஒரு மரக்கடையில் 12 ஆண்டுகள் விலைப்பட்டியல் எழுதும் வேலை பார்த்தேன். வேலையை விட்ட பிறகும் கேள்விகள் என்னை விடவில்லை. கோயில் அன்னதான வரிசையில், கல்யாண வீட்டில், மகளின் பள்ளி வாசலில் என்று எங்கே பார்த்தாலும் "அக்கா, வீட்டுக்குப் பின்னால டெக் போடணும், எவ்வளவு ஆகும்?" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. ஒரே பதிலைப் பலமுறை சொன்னதில் கேள்விகளும் மனப்பாடமாகிவிட்டன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். கோலாலம்பூரை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். பினாங்குக்கு மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

"டெக்குனா என்னக்கா? சிமெண்டுத் தரை இருக்கே, அது போதாதா?"

தரையிலிருந்து சற்று உயர்த்தி, கீழே சட்டங்கள் அடித்து, மேலே இடைவெளி விட்டுப் பலகை பாவிய தளம்தான் டெக். மழைத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிடும். வெயில் நேரத்தில் சிமெண்டுத் தரையைப் போல அனலை வாங்கி வைத்திருந்து இரவு வரை கக்காது.

துணி காயப்போடவும் பாத்திரம் கழுவவும் மட்டும் இடம் வேண்டுமென்றால் சிமெண்டே போதும். டெக்குக்குச் செலவழிக்க வேண்டாம். மாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடிக்க, பிள்ளைகள் வெறுங்காலோடு ஓட ஓர் இடம் வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

"ஒரு சதுர அடிக்கு எத்தனை ரிங்கிட்னு மட்டும் சொல்லுங்க, அது போதும்."

போதாது. கடையில் 12 ஆண்டுகள் சதுர அடி விலை சொல்லிச் சொல்லியே எனக்கு இது புரிந்தது. சதுர அடி விலை என்று உங்களிடம் சொல்லப்படுவது பெரும்பாலும் பலகையின் விலை. டெக்கின் செலவு அதோடு முடிவதில்லை. பழைய தரையை உடைப்பது, மண்ணைச் சமப்படுத்துவது, கான்கிரீட் கட்டைகள், கீழ்ச்சட்டம், திருகாணி, கூலி, எண்ணெய்ப் பூச்சு, குப்பை அள்ளும் ரோரோ தொட்டி என்று எல்லாம் சேர்ந்ததுதான் மொத்தக் கணக்கு. இதில் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று தெரியாமல் இரண்டு பேரின் சதுர அடி விலையை ஒப்பிட்டால் ஏமாறுவது நீங்கள்தான்.

இன்னொன்று. 60 சதுர அடி டெக்கும் 200 சதுர அடி டெக்கும் ஒரே விலையில் வராது. லாரி வாடகையும் ஆட்கள் வந்து போகும் செலவும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் சின்ன டெக்குக்குச் சதுர அடிக்கு அதிகம் கேட்பார்கள். அதில் தவறில்லை.

"எங்க வீடு டெரஸ் வரிசை வீடு, நடுவுல இருக்கறது. பின்னால 10 அடிதான் இருக்கு. எவ்வளவு பெருசா போடலாம்?"

அளவு நாடாவை எடுக்கும் முன் ஒரு சாக்குக்கட்டியை எடுங்கள். நாலு பேர் உட்காரும் மேசையையும் நாற்காலிகளையும் பின்வாசலில் போட்டு, நாற்காலியைப் பின்னால் இழுத்து எழுந்திருக்கும் வரை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று தரையில் கோடு போடுங்கள். 10 அடிக்கு 10 அடி தாராளம். 8 அடிக்கு 8 அடி என்றால் சுவரோடு இடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

பிறகு அந்தக் கோட்டுக்குள் எவை வரக்கூடாது என்று பாருங்கள்: லொங்காங் (சாக்கடை) மூடி, கேஸ் உருளை, வாஷிங் மெஷின் தண்ணீர் வெளியேறும் குழாய், பின்கதவு திறக்கும் வீச்சு. கதவு வெளிப்பக்கம் திறக்குமானால் டெக்கின் உயரம் வாசல்படியைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். பலகை எல்லாம் பாவிய பிறகு கதவு திறக்காமல், கதவின் அடியை அறுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கோடு போட்டு முடித்ததும் கிடைக்கும் அளவுதான் உங்கள் டெக். இனி வரும் கணக்குகளுக்கு 12 அடி நீளம், 10 அடி அகலம், மொத்தம் 120 சதுர அடி என்று வைத்துக்கொள்கிறேன். கார்னர் வீடுகளில் பலர் கேட்பது இந்த அளவுதான்.

"எந்த மரம் வாங்கறது? அப்பா செங்கால்தான் வாங்கணும்னு பிடிவாதமா இருக்காரு."

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. செங்கால் தீபகற்ப மலேசியாவிலும் அதை ஒட்டிய தென் தாய்லாந்திலும் வளரும் மரம். திரெங்கானுவில் படகு கட்டுவதற்கு அதைத்தான் நம்பினார்கள். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 915 முதல் 980 கிலோ வரை இருக்கும். மழைக்கும் கரையானுக்கும் நன்றாகத் தாங்கும். புதிதாக அறுத்தால் மஞ்சளும் லேசான பச்சையும் கலந்த நிறத்தில் இருந்து, நாளாக ஆக அடர் பழுப்பாகும். விலையும் அதற்கேற்ப இருக்கும். வேறு கனமரத்தைச் செங்கால் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அதனால் பில்லில் மரத்தின் பெயரை எழுதித்தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னது பில்லில் இல்லையென்றால் பிறகு பேச முடியாது.

பாலாவ் அதற்கு அடுத்த நிலையில் நல்ல மரம். சபா, சரவாக்கிலிருந்து வருவதைச் செலாங்கான் பத்து என்பார்கள். பணத்துக்குக் கிடைக்கும் உழைப்பைப் பார்த்தால் என் ஓட்டு பாலாவுக்கே. மெர்பாவும் உறுதியானது, ஆனால் முதல் சில மழைகளில் சிவந்த பழுப்புச் சாயம் இறக்கும். பக்கத்தில் வெள்ளைச் சுவரோ வெளிர் நிறத் தரை ஓடோ இருந்தால் கறை பிடித்துவிடும். கெம்பாஸ் பார்க்கக் கனமாக இருக்கும், வீட்டுக்குள் தரைக்குச் சரி. மருந்து ஏற்றாத கெம்பாஸை வெளியில் மண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் கரையானுக்கு விருந்து. மெரந்தியை டெக்குக்கு நினைக்கவே வேண்டாம்.

"டபிள்யூ.பி.சி. போட்டா காலத்துக்கும் செலவே இல்லைன்னு கடைக்காரர் சொன்னாரு. உண்மையா?"

பாதி உண்மை. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகை அது. எண்ணெய் பூச வேண்டாம், கரையான் தொடாது, சிலாம்பு குத்தாது. வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டுக்கு இதெல்லாம் பெரிய நிம்மதி.

மறுபாதியையும் கேளுங்கள். நண்பகல் வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அடர் நிறம் என்றால் இன்னும் மோசம். வெப்பத்தில் நீளவாக்கில் விரியும், அதனால் சுவரோரத்திலும் இணைப்பிலும் இடைவெளி விட்டே தீர வேண்டும். உள்ளே கூடாக இருக்கும் மலிவு ரகத்தில் முனைகளை மூடாவிட்டால் தண்ணீர் தேங்கும். கீறல் விழுந்தால் மரத்தைப் போல உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. கீழ்ச்சட்டங்களையும் நெருக்கி அடிக்க வேண்டும். அது கணக்கை எப்படி மாற்றுகிறது என்று அடுத்த பதிலில் பாருங்கள்.

"எத்தனை பலகை வேணும்னு நானே கணக்குப் போட முடியுமா? எனக்குக் கணக்கு வராதே."

வரும். நாலாம் ஆண்டுக் கணக்குதான். கடையில் ஒன்றுக்கு நாலு (1 அங்குலத் தடிமன், 4 அங்குல அகலம்) என்று சொல்லும் பலகையை இழைத்த பிறகு அகலம் ஏறக்குறைய 90 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதோடு இடைவெளி 5 மில்லிமீட்டர். ஆக ஒரு வரிசைக்கு 95. உங்கள் டெக்கின் 10 அடி அகலம் 3,048 மில்லிமீட்டர். அதை 95ஆல் வகுத்தால் 32 வரிசை. ஒவ்வொன்றும் 12 அடி நீளம், ஆக 384 அடி. அறுப்பதிலும் வளைந்ததை ஒதுக்குவதிலும் போகும் சேதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 422 அடி. அடி 7 ரிங்கிட் என்று கணக்குக்காக மட்டும் வைத்துக்கொண்டால் 2,954 ரிங்கிட். அந்த 7 இருக்கும் இடத்தில் உங்கள் கடைக்காரர் சொல்லும் விலையை வையுங்கள்.

சில கடைகளில் அடிக்கணக்கு சொல்லாமல் டன் கணக்கு சொல்வார்கள். பயப்பட வேண்டாம். நம் ஊர் மரக்கடையில் டன் என்பது எடை அல்ல, 50 கன அடி. ஒன்றுக்கு நாலு பலகையில் ஒரு டன் என்றால் 1,800 அடி நீளம். டன் விலையை 1,800ஆல் வகுத்தால் அடி விலை வந்துவிடும். ஆனால் அது இழைக்காத மரத்தின் விலையா, இழைத்ததன் விலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இழைப்புக் கூலி தனி.

கீழ்ச்சட்டத்துக்கு வருவோம். 16 அங்குலத்துக்கு ஒன்று என்று அடித்தால், 12 அடிக்கு 10 சட்டம், ஒவ்வொன்றும் 10 அடி, ஆக 100 அடி. அவற்றைத் தாங்க குறுக்கே 3 விட்டம், ஒவ்வொன்றும் 12 அடி, 36 அடி. விட்டங்களுக்குக் கீழே 4 அடிக்கு ஒரு கான்கிரீட் கட்டை, மொத்தம் 12 கட்டை. டபிள்யூ.பி.சி.க்கு 12 அங்குலத்துக்கு ஒரு சட்டம் கேட்டால் 10 சட்டம் 13 ஆகும், 30 அடி கூடும். பலகையில் மிச்சம் பிடித்ததாக நினைத்த காசில் ஒரு பங்கு இங்கே போய்விடும்.

"கீழ இருக்கறது யார் கண்ணுக்கும் தெரியாது. அங்க கொஞ்சம் மலிவா போட்டா என்ன?"

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

செத்தாப்பாக்கில் எங்கள் வீட்டில் டெக் போட்டபோது பலகையை நானே பொறுக்கினேன். நல்ல செங்கால், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்தேன். அடியில் என்ன வைத்தார்கள் என்று பார்க்கவில்லை. வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளர் மருந்து ஏற்றாத மலிவு மரத்தில் சட்டம் அடித்து, அதையும் மண்ணில் தொடும்படி விட்டுவிட்டார். மூன்றாம் ஆண்டு ஓரிடத்தில் கால் வைத்தால் லேசாக அமுங்கியது. என் தம்பி ஒரு பலகையைக் கழற்றினான். மேலே பலகை புதுசு மாதிரி இருந்தது. கீழே சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் தொட்டேன், அது கைப்பிடி வரை உள்ளே போனது. வெளியே ஒரு தோல் மட்டும் மிச்சம், உள்ளே முழுக்க ஈர மண் கூடு. 120 சதுர அடியையும் பிரித்து, சட்டத்தை மாற்றி, அதே பலகையைத் திரும்ப அடித்தோம். கூலியை இரண்டு முறை கொடுத்தேன்.

இப்போது யார் கேட்டாலும் பட்ஜெட்டைக் கீழிருந்து மேலே எழுதச் சொல்கிறேன். முதலில் கட்டை, பிறகு சட்டம், பிறகு திருகாணி, மீதிப் பணத்தில் என்ன பலகை வருமோ அது. சட்டத்துக்குச் செங்கால் அல்லது பாலாவ், இல்லையென்றால் துத்தநாகப் பூச்சு உள்ள இரும்பு ஹோலோ (உள்ளே கூடான இரும்புக் குழாய்). ஹோலோ என்றால் வெட்டிய முனையிலும் பற்றவைத்த இடத்திலும் துத்தநாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். மருந்து ஏற்றிய பைன் மரத்துக்கும் இதே விதி: அறுத்த முனையில் மருந்தைத் திரும்பத் தடவ வேண்டும். எதுவானாலும் மண்ணைத் தொடக்கூடாது. பணம் போதவில்லையா, பலகையின் தரத்தைக் குறைக்காமல் டெக்கின் அளவைக் குறையுங்கள். சட்டத்தின் தரத்தை மட்டும் எந்த நிலையிலும் தொடாதீர்கள்.

"திருகாணிக்குப் போய் இவ்வளவு காசா? இரும்பு ஆணி அடிச்சா ஆகாதா?"

எத்தனை திருகாணி என்று எண்ணிப் பாருங்கள். 32 வரிசைப் பலகை, ஒவ்வொன்றும் 10 சட்டத்தைக் கடக்கிறது, கடக்கும் இடத்துக்கு 2. மொத்தம் 640. அதனால்தான் பில்லில் அது ஒரு தனி வரியாக உறுத்துகிறது.

சாதாரண இரும்பு கனமரத்தின் சாறோடு சேர்ந்தால் ஒவ்வொரு தலையைச் சுற்றியும் கறுப்பு வட்டம் விழும், பிறகு துருப்பிடித்து உடையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டும். கோலாலம்பூருக்கு 304 ரகம் போதும். பினாங்கில் தஞ்சோங் பூங்கா, பத்து ஃபிரிங்கி மாதிரி கடற்காற்று நேராக அடிக்கும் இடமென்றால் 316 கேளுங்கள், உப்புக்குத் தாங்குவது அது. செங்கால், பாலாவில் முதலில் துளை போட்டுவிட்டுத்தான் திருகாணியை முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தலை முறியும், அல்லது பலகை முனை வெடிக்கும். 640 துளை என்பது ஓர் ஆளுக்கு நல்ல வேலை. கூலி ஏன் அவ்வளவு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"கூலி மிச்சம் பண்ண நானும் வீட்டுக்காரரும் நாங்களே போட்டுக்கலாமா?"

தரையோடு ஒட்டிய தாழ்வான டெக், டபிள்யூ.பி.சி. பலகை, இரண்டு மூன்று வார இறுதிகள் கைவசம் உண்டு என்றால் தாராளமாகச் செய்யுங்கள். கனமரம் என்றால் யோசியுங்கள். மேலே சொன்ன 32 செங்கால் பலகைகள் மட்டும் ஏறக்குறைய 200 கிலோ. வட்ட ரம்பம், நல்ல டிரில், மட்டக்கோல் எல்லாம் வாங்கும் செலவையும் எழுதிப் பாருங்கள். பாதி வழியும் ஒன்று உண்டு: கட்டையும் சட்டமும் ஆள் வைத்துச் செய்துவிட்டு, பலகை அடிப்பதையும் எண்ணெய் பூசுவதையும் நீங்கள் எடுத்துக்கொள்வது. எனக்குப் பிடித்தது அதுதான்.

"மழைத் தண்ணி அடியில தேங்காதா? கொசு வராதா?"

தேங்கவிட்டால் வரும். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டும் மழை இங்கே அதிசயமில்லை. 120 சதுர அடிக்கு அது ஏறக்குறைய 550 லிட்டர் தண்ணீர். அவ்வளவும் பலகை இடுக்கு வழியாகக் கீழே போகிறது. அங்கே குழி இருந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும். 1975ஆம் ஆண்டின் நோய்ப் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி 500 ரிங்கிட் வரை காம்பவுண்ட் அபராதமும் வரும். பணம் கிடக்கட்டும், டெங்கி வந்த வீட்டின் கஷ்டம் நமக்குத் தெரியாததா?

சட்டம் அடிக்கும் முன் கீழ்த்தரையை லொங்காங் பக்கமாகச் சாய்க்க வேண்டும். 10 அடிக்கு ஒன்றரை அங்குலச் சரிவு போதும். மண் தரையானால் சமப்படுத்தி, களை வராத துணி விரித்து, மேலே சரளை போடுங்கள். இந்த வேலையைப் பட்டியலில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் பெரும்பாலும் செய்யமாட்டார்கள்.

"டெக் வர்ற இடத்துல இண்டா வாட்டர் மேன்ஹோல் இருக்கு. மேல மூடிடலாமா?"

மூடக்கூடாது. அது கழிவுநீர்க் குழாய்க்கான மூடி, அடைப்பு வந்தால் அதைத் திறந்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் மட்டும் பலகைகளைத் தனிச் சட்டத்தில் அடித்து, தூக்கி எடுக்கும் கதவாகச் செய்யச் சொல்லுங்கள். மூடியின் நாலு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக விடுங்கள். டெக் போட்ட பிறகு இதைச் செய்யச் சொன்னால் செலவு பல மடங்கு.

"பெர்மிட் வேணுமா? பக்கத்து வீட்டுக்காரர் எதுவும் எடுக்கல, ஒண்ணும் ஆகல."

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது சட்டம் 133, ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது என்கிறது. கூரை, சுவர், தூண், வீட்டோடு சேர்ந்த நீட்டிப்பு எல்லாம் அதற்குள் வரும். கூரையில்லாத தாழ்வான மரத்தளத்தை எப்படி நடத்துகிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒரு தாளில் அளவோடு படம் வரைந்து, கோலாலம்பூர் மாநகர் மன்றத்திலோ பினாங்கில் உங்கள் ஊர் மன்றத்திலோ நேரில் கேட்டுவிடுங்கள். ஒரு காலை நேரம் போகும், அவ்வளவுதான்.

வேலி போட்ட, காவலாளி உள்ள தாமானில் (குடியிருப்பில்) ஸ்ட்ராத்தா பட்டா, அதாவது பொது இடங்களை எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் பட்டா, என்றால் நிர்வாகக் குழுவின் அனுமதியும் வேண்டும், ரினோவேஷன் டெபாசிட்டும் கேட்பார்கள். அந்த டெபாசிட் திரும்பி வரும் பணம்தான், ஆனால் வேலை நடக்கும் மாதத்தில் உங்கள் கையில் இருக்காது. பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: யாராவது புகார் செய்யும் வரை எல்லாருக்கும் ஒன்றும் ஆகாது.

"அப்படியே மேல கூரையும் போட்டுட்டா?"

அது வேறு பட்ஜெட். தூணுக்கு அஸ்திவாரம், கூரைத் தண்ணீருக்குக் குழாய், மேலே சொன்ன அனுமதி என்று மூன்றும் சேரும். பின்னால் கூரை வரும் எண்ணம் இருந்தால், தூண் நிற்கப்போகும் இடத்துக்கு இப்போதே கான்கிரீட் அடிப்பாகம் போட்டு வையுங்கள். அதற்காகப் பிறகு பலகையைப் பிரிக்க வேண்டியிராது.

"மூணு பேர் விலை கொடுத்துட்டாங்க. 4,800, 7,200, 8,900. நடுவுல இருக்கறதை எடுத்துடவா?"

கெப்போங்கில் ஒரு தங்கை 120 சதுர அடிக்கு வாங்கிய விலைகள் இவை. நடுவில் இருப்பதால் ஒன்று நல்லதாகிவிடாது. மூன்று பேரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கச் சொன்னேன்: சட்டம் என்ன மரம் அல்லது என்ன இரும்பு, எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, திருகாணி என்ன ரகம், குப்பையை யார் அள்ளுவது, எண்ணெய் எத்தனை கை.

4,800 சொன்னவர் சட்டத்தை ஹோலோவுக்கு மாற்ற 900, ஸ்டெயின்லெஸ் திருகாணிக்கு 350, குப்பைக்கு 500, இரண்டு கை எண்ணெய்க்கு 450 என்று கூட்டினார். மொத்தம் 7,000. இரண்டாமவரின் 7,200இல் இவை எல்லாம் ஏற்கெனவே இருந்தன, கீழ்த்தரைச் சரிவும் இருந்தது. 8,900க்காரர் எல்லாவற்றையும் செங்காலில் கொடுத்தார், அவர் கேட்டதும் அநியாயமில்லை. தங்கை 7,200ஐ எடுத்தாள். கேட்டதும் கோபப்படாமல் பதிலை எழுதியும் கொடுத்தவர் அவர் என்பதும் ஒரு காரணம்.

"பாதிப் பணம் முன்னாலேயே கேக்கறாங்க. கொடுக்கலாமா?"

வேண்டாம். நான் சொல்லும் பிரிவு இது: ஒப்பந்தம் போடும்போது 20 விழுக்காடு. மரமும் திருகாணியும் வீட்டு வாசலில் இறங்கி, நீங்கள் பார்த்த பிறகு 30. சட்டம் அடித்து முடித்து, பலகை ஏறும் முன் 30. கடைசி 20ஐ வேலை முடிந்து ஒரு பெருமழை பார்த்த பிறகு கொடுங்கள். 7,200க்கு அந்தக் கடைசித் தவணை 1,440 ரிங்கிட். சரிவு தவறியிருந்தால் அவரைத் திரும்ப வரவைப்பது அந்தப் பணம்தான்.

மூன்றாவது தவணைக்கு முன் சட்டத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். நான் அன்று அந்தப் படத்தை எடுத்திருந்தால் கூலியை இரண்டு முறை கொடுத்திருக்கமாட்டேன்.

"தீபாவளிக்குள்ள முடிஞ்சிடணும்க்கா. செப்டம்பர்ல ஆரம்பிச்சா சரியா இருக்கும்ல?"

இருக்காது. கோலாலம்பூரில் மழை கொட்டுவது அக்டோபர், நவம்பரிலும் ஏப்ரலிலும்தான். தீபாவளி வேலைக்கு எல்லாரும் ஓடும் நேரமும் அந்த அக்டோபர்தான். ஆள் கிடைக்காது, கூலி ஏறும், நனைந்த மரத்தில் எண்ணெய் பிடிக்காது. ஜூன், ஜூலை சற்றுக் காய்ந்த மாதங்கள், அப்போது முடித்துவிட்டால் தீபாவளிக்குப் பலகாரத்தை நிம்மதியாகச் சுடலாம். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி நல்லது, ஆனால் சீனப் பெருநாள் அதில் வரும். மரக்கடைகள் மூடிவிடும், தவுக்கே (கடை முதலாளி) திரும்பும் வரை ஒன்றும் நகராது. நோன்புப் பெருநாளுக்கு இந்தோனேசியத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். நாள்காட்டியைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

"எதிர்பாராத செலவுன்னு எவ்வளவு ஒதுக்கணும்?"

புது வீடு, கீழே சிமெண்டுத் தரை என்றால் மொத்தத்தில் 10 விழுக்காடு. பழைய வீடு, மண்ணைத் தோண்ட வேண்டும் என்றால் 20. தோண்டும்போது பழைய குழாய் வெடிக்கும், யாரோ புதைத்த செங்கல் குவியல் வரும். இந்தப் பணத்தைப் பற்றிக் குத்தகையாளரிடம் சொல்லாதீர்கள்.

"கே.டபிள்யூ.எஸ்.பி.யில இருந்து எடுத்துப் போடலாமா?"

2024 மே 11 முதல் 55 வயதுக்கு உட்பட்டவர்களின் ஊழியர் சேமநிதிச் (கே.டபிள்யூ.எஸ்.பி.) சந்தா மூன்று கணக்காகப் பிரிகிறது: ஓய்வுக்காலக் கணக்குக்கு 75 விழுக்காடு, செஜாத்ரா கணக்குக்கு 15, ஃபிளெக்சிபல் கணக்குக்கு 10. ஃபிளெக்சிபல் கணக்கில் இருப்பதை எதற்காக என்று சொல்லாமலே எடுக்கலாம். எடுக்க முடியும் என்பதால் எடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது நாளைக்கு மருத்துவமனைக்கு ஓடும்போது உதவும் பணம். கடன் அட்டையில் இழுத்து வட்டி கட்டுவது அதைவிட மோசம். டெக் ஓர் ஆண்டு காத்திருக்கும்.

"போட்ட பிறகு வருஷத்துக்கு என்ன செலவு வரும்?"

மரமென்றால் நம் வெயிலுக்கு ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய். பூசாவிட்டால் சாம்பல் நிறமாகும். அதனால் கனமரம் உடனே கெட்டுவிடாது, சிலருக்கு அந்த நிறமே பிடிக்கிறது. டின்னின் மேல் ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும் என்று போட்டிருக்கும். உங்கள் டெக் ஏறக்குறைய 11 சதுர மீட்டர், அதை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள். பாசி பிடித்தால் பலகை வழுக்கும், அம்மா அப்பா நடக்கும் இடம், மாதம் ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள். அழுத்தத் தண்ணீர்க் குழாயை நெருக்கிப் பிடித்தால் மரநார் கிளம்பிவிடும், தள்ளிப் பிடியுங்கள்.

"ஆளு பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு. போனே எடுக்கறதில்ல. என்ன செய்ய?"

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இதற்காகவே இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைக் கேட்பார்கள், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்து 3 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஒப்பந்தம், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, மேலே எடுக்கச் சொன்ன படங்கள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். எல்லாவற்றையும் ரொக்கமாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்காதவர்கள்தான் அங்கே தவிக்கிறார்கள். வங்கி வழியாக அனுப்புங்கள்.

"பழைய வீடு உடைக்கறாங்க, செங்கால் பலகை மலிவா வருதாம். வாங்கலாமா?"

வாங்கலாம், பார்த்து வாங்கினால் நல்ல சரக்கு. பல ஆண்டு காய்ந்து அடங்கிய மரம், இனி அதிகம் வளையாது, சுருங்காது. முனையில் சிறிது அறுத்துப் பாருங்கள்: உள்ளே கெட்டியாக, துளையில்லாமல் இருக்க வேண்டும். ஒரே தடிமனில் வருவது அரிது, அதனால் எல்லாவற்றையும் இழைத்து ஒரே கனத்துக்குக் கொண்டுவரும் கூலியை விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே மலிவா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். ஆணித் துளைகளுக்காகச் சேதத்தையும் மேலே சொன்ன பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்காக ஏற்றுங்கள். 384 அடிக்கு 461 அடி வாங்க வேண்டியிருக்கும். தலை உடைந்து உள்ளே தங்கிய ஆணி கண்ணுக்குத் தெரியாது. ஒரு காந்தத்தைப் பலகை நெடுக ஓட்டிப் பார்த்துவிட்டு இழைக்க அனுப்புங்கள். மெஷின் பிளேடு ஆணியில் பட்டுப் போனால் அந்தச் செலவு யாருடையது என்பதை இழைக்கிறவரோடு முதலிலேயே பேசிவிடுங்கள்.